பிடிபட்டது மட்டுமே கோப்பில் இருக்கிறது

ஆவணக் காப்பகத்தில் முதன்முதலாக என் மேசைக்கு வந்த விசாரணைக் கோப்பின் அட்டையில் ‘என்றென்றும் பாதுகாக்க’ என்று ரஷ்ய மொழியில் ஒரு முத்திரை குத்தப்பட்டிருந்தது. மங்கிய பழுப்பு அட்டை, முதுகில் தடித்த நூல் தையல், ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் பென்சிலால் இட்ட எண். அந்த எண்களிலும் சில அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. 1940-களின் இறுதியில் மேற்கு உக்ரைனின் ஒரு கிராமத்தில் கைதான கிரேக்கக் கத்தோலிக்கக் குரு ஒருவரின் வழக்கு அது. நடுவில் வீட்டுச் சோதனைக் குறிப்பு: செபப் புத்தகங்கள் 11, செபமாலைகள் 4, கையெழுத்துப் படிகள் ஒரு கட்டு, பூசைக்குரிய சிறு கிண்ணம் ஒன்று, கடிதங்கள். சில தாள்கள் தள்ளி, அரைத் தாளில் தட்டச்சு செய்த இன்னொரு குறிப்பு. மேற்கண்ட பொருட்கள் விசாரணைக்குப் பயன்படாதவை என்பதால் எரித்து அழிக்கப்பட்டன என்று அதில் இரண்டு அதிகாரிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தக் கையெழுத்துப் படிகளில் மறையுரைகள் இருந்தனவா, கிராமத்து ஞானஸ்நானக் கணக்கு இருந்ததா, பாடல்கள் இருந்தனவா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. எரித்ததற்கான சான்று மட்டும் என் கைக்கு வந்து சேர்ந்தது.

மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் நம் ஊர்ப் புத்தகக் கடைகளுக்கு வந்த தமிழ் நூல்களோடு வளர்ந்தவன் நான். ரஷ்ய மொழியைக் கற்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பக்கங்களில்தான் முளைத்தது. அந்த மொழியில் பின்னாளில் நான் மிகுதியாகப் படித்தவை கதைகளாக இல்லாமல் விசாரணைக் குறிப்புகளாக அமைந்துபோயின. கம்யூனிஸ்ட் ஆட்சியின்கீழ் சமயம் எப்படி உயிர்வாழ்ந்தது என்பதை ஆவணங்களிலிருந்து எழுத முற்படும் ஒருவருக்கு நேரும் இடர்ப்பாடுகளை, எனக்கு ஓரளவு தெரிந்த ஒரே ஒரு திருச்சபையை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை என்பது நம் வாசகர்களில் பலருக்குப் பழக்கமில்லாத பெயராக இருக்கலாம். 1596-இல் பிரெஸ்ட் நகரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ரோமிலுள்ள திருத்தந்தையின் தலைமையை ஏற்றுக்கொண்டு, வழிபாட்டில் மட்டும் கிழக்கத்திய பைசாந்திய முறையைக் கைவிடாமல் தொடர்ந்த திருச்சபை அது. கலிசியா எனப்படும் மேற்கு உக்ரைனில் கிராமத்துக்குக் கிராமம் அதுவே மக்களின் சமயமாக இருந்தது. 1944 கோடையில் சோவியத் படைகள் அங்கே திரும்பி வந்தன. நவம்பர் 1 அன்று பேராயர் ஆந்திரேய் ஷெப்திட்ஸ்கி காலமானார். 1945 ஏப்ரல் 8 அன்று, அப்பகுதியின் முதன்மை நகரான லிவிவின் நாளிதழ் ஒன்றில், திருச்சபையைத் தாக்கிப் புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, புதிய பேராயர் யோசிப் ஸ்லிபியும் மற்ற ஆயர்களும் கைதுசெய்யப்பட்டார்கள். மே மாத இறுதியில் திருச்சபையை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோடு இணைக்கக் கோரி, ஹவ்ரில் கோஸ்தெல்னிக் என்ற குருவின் தலைமையில் ஒரு ‘முன்முயற்சிக் குழு’ தோன்றியது. 1946 மார்ச் 8 முதல் 10 வரை லிவிவ் புனித ஜார்ஜ் பேராலயத்தில் கூடிய மாமன்றம், பிரெஸ்ட் உடன்பாடு ரத்தாகிவிட்டதென்றும், திருச்சபை ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோடு மீண்டும் இணைந்துவிட்டதென்றும் அறிவித்தது. 216 குருக்களும் பொதுநிலையினர் 19 பேரும் அதில் கலந்துகொண்டார்கள். சிறையிலிருந்த ஆயர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அன்று தொடங்கி 1989 டிசம்பர் வரை, ஏறத்தாழ 44 ஆண்டுகள், அந்தத் திருச்சபை சட்டத்தின் கண்ணில் இல்லாத ஒன்றாகவே இருந்தது.

இந்த மாமன்றத்தைப் பற்றி மூன்று வகையான காகிதங்கள் இருக்கின்றன, மூன்றும் மூன்று கதைகளைச் சொல்கின்றன. முதலாவது, அப்போதே அச்சிட்டு வெளியிடப்பட்ட மாமன்ற நடவடிக்கைகள்: உரைகள், வாக்கெடுப்பு, நன்றித் தந்திகள். அதை மட்டும் படிப்பவருக்கு, குருக்கள் தாங்களே கூடித் தாங்களே முடிவெடுத்தார்கள் என்று தோன்றும். இரண்டாவது, அரசின் சமய அலுவல் மன்றத்துக்கு மாவட்டங்களிலிருந்து போன அறிக்கைகள். மூன்றாவது, என்.கே.ஜி.பி. என்ற உளவுத்துறையின் திட்டங்களும் கடிதப் போக்குவரத்தும். இந்த மூன்றாவது அடுக்கு வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான், முன்முயற்சிக் குழு எப்படி உருவாக்கப்பட்டது, செலவை யார் ஏற்றார்கள், யாரைப் பேசவைப்பது என்று யார் முடிவுசெய்தார்கள் என்பதெல்லாம் துலங்கின. குழுவின் மற்ற இரண்டு உறுப்பினர்களான பெல்வெட்ஸ்கியும் மெல்னிக்கும் மாமன்றத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே, 1946 பிப்ரவரியில், கீவ் நகரில் ஆர்த்தடாக்ஸ் ஆயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டிருந்தார்கள். முடிவு முதலில் எடுக்கப்பட்டது, வாக்கெடுப்பு பிறகு நடந்தது.

சமய அலுவல் மன்றத்தின் தலைவர் கியோர்கி கார்ப்பொவ் உளவுத்துறை அதிகாரியாகவும் இருந்தவர். 1943 செப்டம்பர் 4 அன்று ஸ்டாலின் மூன்று ஆர்த்தடாக்ஸ் பெருநகர ஆயர்களைக் கிரெம்ளினுக்கு அழைத்துப் பேசிய இரவில் உடனிருந்து குறிப்பெடுத்தவர் அவரே. கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையைக் கலைப்பதற்கான யோசனைகளை 1945 மார்ச்சில் ஸ்டாலினிடம் அளித்தவரும் அவரே. ஆகவே ‘மன்றத்தின் ஆவணம்’, ‘உளவுத்துறை ஆவணம்’ என்று நாம் காப்பகப் பட்டியலில் பார்க்கும் பிரிவு, நடந்த காலத்தில் ஒரே மனிதரின் இரண்டு இழுப்பறைகளாக இருந்தது. இதைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. அந்த நடவடிக்கையைக் களத்தில் நடத்திய அதிகாரிகளில் முக்கியமானவர் செர்கி காரின். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் டனிலென்கோ என்ற பெயரில் இதே திருச்சபையைப் பற்றி வரலாற்று நூலாசிரியராகவும் ஆனார். நூலகத்தில் ‘ஆய்வு நூல்’ என்ற அடுக்கில் அவருடைய புத்தகத்தை எடுத்து, அதிலிருந்து மேற்கோள் குறித்துக்கொண்ட சில மாதங்களுக்குப் பிறகுதான் அவர் யார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்தக் குறிப்பட்டைகளை நான் கிழித்துப் போடவில்லை. காவலர் ஒருவர் தான் நடத்திய வழக்குக்குத் தானே வரலாறும் எழுதினால் எதைச் சொல்லாமல் விடுவார் என்பதை அறிய அவை இன்றும் பயன்படுகின்றன.

எங்கே போய்ப் படிப்பது என்பது அடுத்த சிக்கல். மன்றத்தின் மையக் கோப்புகள் மாஸ்கோவில் ரஷ்யக் கூட்டமைப்பின் அரசு ஆவணக் காப்பகத்தில், ஆர்-6991 என்ற தொகுப்பில் இருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் ரஷ்யாவில் கதவுகள் சற்றே திறந்தன. நாடாளுமன்றக் குழு ஒன்று கே.ஜி.பி. கோப்புகளைப் பார்வையிட்டு, திருச்சபைக்குள் இயங்கிய தகவலாளிகளின் மாற்றுப்பெயர்களை வெளியிட்டது. அதன் பிறகு அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. அங்கே விசாரணைக் கோப்புகளுக்கு 75 ஆண்டுக் கட்டுப்பாடு உண்டு. குடும்பத்தினருக்குக் கோப்பைக் காட்டும்போதுகூடச் சில தாள்களை உறையிட்டு மூடிவைத்துத் தருவது வழக்கம். ஆனால் சோவியத் நிர்வாகம் எல்லாவற்றையும் படியெடுத்து வைத்த நிர்வாகம். மாஸ்கோவுக்குப் போன அறிக்கையின் ஒரு படி அதை அனுப்பிய குடியரசின் தலைநகரிலும், இன்னொன்று மாவட்டத் தலைநகரிலும் தங்கிவிட்டது. கீவ் நகரின் மைய அரசுக் காப்பகத்தில் 4648 என்ற தொகுப்பில் அந்தப் படிகளைப் பார்க்கலாம். 2015 ஏப்ரல் 9 அன்று உக்ரைன் நாடாளுமன்றம் அடக்குமுறை அமைப்புகளின் ஆவணங்களைத் திறக்கும் சட்டத்தை நிறைவேற்றிய பிறகு, உளவுத்துறைக் கோப்புகளையும் எவர் வேண்டுமானாலும் கேட்டு வாங்கி, சொந்தக் கேமராவில் படம்பிடித்துக்கொள்ள முடிந்தது. மாஸ்கோ மறைத்ததைக் கீவில் படிக்கலாம் என்ற நிலை எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வரமாக அமைந்தது.

வரத்திலும் ஓட்டை இருந்தது. தகவலாளிகளின் தனிக் கோப்புகளில் பெரும்பகுதி 1990, 1991 ஆண்டுகளிலேயே அழிக்கப்பட்டோ மாஸ்கோவுக்கு எடுத்துச் செல்லப்பட்டோ விட்டது. எஞ்சியவற்றிலிருந்து ஒரு தகவலாளியின் முழு வாழ்க்கையை மீட்டெடுக்க இயலாது. பிறகு போர் வந்தது. 2022-இல் செர்னிஹிவ் நகரில் பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகம் ரஷ்யத் தாக்குதலில் எரிந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்த இரவில், நான் எடுத்து வைத்திருந்த படங்களை மூன்று வன்தட்டுகளில் படியெடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வாளர்கள் வழுக்கி விழும் இடம் அது. சமய அலுவல் மன்றத்தின் மாவட்டப் பொறுப்பாளர்கள் அனுப்பிய அறிக்கைகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் கணக்கு காலந்தோறும் வரும். 1960-களின் தொடக்கத்தில் பல இடங்களில் ஞானஸ்நானக் கணக்கு சட்டென்று சரிகிறது. சமயம் தேய்கிறது என்று பொறுப்பாளர் எழுதுகிறார். மேலிடமும் அதைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் க்ருஷ்சேவ் கால நடவடிக்கைகளின்போது, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் உள்நாட்டுக் கடவுச்சீட்டு (அடையாள அட்டை) விவரமும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அந்த விவரம் அவர்கள் வேலைசெய்யும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டி குழந்தையை இரவில் வேறோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய், பதிவேடு இல்லாத குருவிடம் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினாள். அட்டவணையில் சரிந்தது பதிவேடு. பாட்டியின் நடை அட்டவணையில் இல்லை.

இதற்கு நேர்மாறான ஓர் எண்ணும் சோவியத் ஆவணங்களில் உண்டு. 1937 ஜனவரியில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சமய நம்பிக்கை பற்றிய கேள்வி கேட்கப்பட்டது. இருபதாண்டு நாத்திகப் பரப்புரைக்குப் பிறகு, பதில் சொன்னவர்களில் சுமார் 57 விழுக்காட்டினர், அதாவது 5.5 கோடிக்கு மேற்பட்டவர்கள், தாங்கள் நம்பிக்கையாளர்கள் என்று அரசு ஊழியரின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். கணக்கெடுப்பு முடக்கப்பட்டது, அதை நடத்திய அதிகாரிகள் கைதானார்கள், தலைமைப் பொறுப்பிலிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், முடிவுகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காப்பகத்தில் பூட்டிக் கிடந்தன. எண்ணை மேலிடத்துக்குப் பிடித்தாற்போல் எழுதிய பொறுப்பாளர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை இந்தக் கதை தெரியாமல் விளங்கிக்கொள்ள முடியாது.

இனி விசாரணைக் குறிப்புகளுக்கு வருகிறேன். கைதானவர் உக்ரைனிய மொழியில் பேசினார். விசாரணை அதிகாரி ரஷ்ய மொழியில் எழுதினார். கைதானவர் ‘எங்கள் திருச்சபை’ என்று சொல்லியிருப்பார். தாளில் ‘யூனியாத் நிலத்தடி அமைப்பு’ என்று வரும்; ரோமோடு இணைந்த இத்திருச்சபையினரை அதிகாரிகள் ‘யூனியாத்’ என்றே குறித்தார்கள். செபிக்கக் கூடினோம் என்று சொல்லியிருப்பார். ‘சட்டவிரோதக் கூட்டத்தை ஏற்பாடு செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதப்படும். இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 4 மணிக்கு முடிந்ததாக நேரம் குறித்த ஒரு விசாரணை, தட்டச்சில் இரண்டரைப் பக்கம்தான் இருக்கும். அந்த ஆறு மணி நேரத்தில் மீதி என்ன நடந்தது என்பதற்கு ஒவ்வொரு தாளின் அடியிலும் உள்ள கையெழுத்தே எனக்குக் கிடைத்த ஒரே தடயம். முதல் வாரத்தில் நேராகவும் பெரிதாகவும் இருந்த ஒரு கையெழுத்து, இரண்டாம் மாதத்தில் கோடுபோல் நீண்டு சாய்ந்துவிட்டதைக் கண்டிருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் இவற்றைப் படிக்கும்போது ஓர் ஆபத்து நேர்கிறது. அதிகாரியின் சொற்கள் நம் சொற்களாகிவிடுகின்றன. என் முதல் கட்டுரையின் வரைவில் ‘நிலத்தடி அமைப்பின் உறுப்பினர்கள்’ என்று நானே எழுதியிருந்தேன். அவர்கள் பங்கு மக்கள், கன்னியர், குருக்கள்; அவர்களை உறுப்பினர்கள் என்று அழைத்தது காவல்துறை மட்டுமே.

இதே கோப்புகள் முற்றிலும் வேறொரு பணிக்கும் பயன்பட்டன. 2001 ஜூன் 27 அன்று லிவிவ் நகரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சிறையிலும் முகாமிலும் இறந்த ஆயர்கள், குருக்கள், கன்னியர் பலருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளித்தார். தண்டிப்பதற்காக எழுதிச் சேர்த்த தாள்கள், இறந்த நாளுக்கும் இடத்துக்கும் சான்றாயின. அந்தப் பயனை நான் மதிக்கிறேன்; அதேநேரம், புனிதரைத் தேடிப் படிக்கும் கண்ணும் தவறவிடுபவை உண்டு. 1946-இல் இணைப்பு அறிக்கையில் கையெழுத்திட்ட குருக்களில் பலர் கோழைகளும் அல்லர், வீரர்களும் அல்லர். மனைவி மக்களோடு (கிழக்கத்திய மரபில் மணமானவர்களும் குருவாகலாம்) சைபீரியாவுக்குப் போவதா, கையெழுத்திட்டுவிட்டுத் தன் பங்கு மக்களோடு இருப்பதா என்ற கேள்வி அவர்கள் முன்னால் இருந்தது. கையெழுத்திட்ட பின்னும் மனத்துக்குள் பழைய நம்பிக்கையையே காத்தவர்களைப் பற்றிப் பொறுப்பாளர்களே எரிச்சலோடு அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தைத் தாளில் எண்ணலாம். அதன் பொருளை எண்ண முடியாது.

மறைவாக நடந்த வாழ்வு வெற்றிகரமாக மறைந்திருந்தால் அதற்குக் காகிதம் இருக்காது. இதுதான் இந்த ஆய்வின் அடிப்படைச் சிக்கல் என்று நான் கருதுகிறேன். 1963 ஜனவரியில், 18 ஆண்டுச் சிறைவாழ்வுக்குப் பிறகு, பேராயர் ஸ்லிபி விடுவிக்கப்பட்டு ரோமுக்கு அனுப்பப்பட்டார். வழியில் மாஸ்கோவில் தங்கியிருந்தபோது, பிப்ரவரி 4 அன்று, விடுதி அறை ஒன்றில் வசில் வெலிச்கோவ்ஸ்கி என்ற துறவிக் குருவை இரகசியமாக ஆயராகத் திருநிலைப்படுத்தினார். தலைமையில்லாமல் போயிருக்க வேண்டிய ஒரு திருச்சபை அந்த அறையில் தொடர்ச்சி பெற்றது. அங்கே சான்றிதழ் எழுதப்படவில்லை, முத்திரை இடப்படவில்லை, பதிவேட்டில் எண் ஏறவில்லை. 1969-இல் வெலிச்கோவ்ஸ்கி மீண்டும் கைதானபோது அவரைப் பற்றிய காகிதங்கள் மறுபடி பெருகுகின்றன. ஆண்டுகளை ஒரு கோட்டில் வைத்து ஆவணங்களை அடுக்கினால், கைதுகளைச் சுற்றி மேடும், அவற்றுக்கிடையே வெற்றிடமும் தெரியும். வெற்றிடத்தில்தான் மக்கள் வாழ்ந்தார்கள்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப முயன்றவர்கள் லிவிவ் நகரில் 1992-இல் தொடங்கப்பட்ட திருச்சபை வரலாற்று நிறுவனத்தினர். மறைவு வாழ்வை வாழ்ந்த குருக்கள், கன்னியர், பொதுநிலையினர் ஆகியோரிடம் 2,000-க்கும் மேற்பட்ட நேர்காணல்களை அவர்கள் பதிவுசெய்தார்கள். மருத்துவமனைத் தாதியாக வேலைபார்த்த கன்னியர், கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்ட குருக்கள், திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் விடியுமுன் நடந்த திருப்பலி ஆகியவை அந்தக் குரல்களிலிருந்தே நமக்குத் தெரிகின்றன. உளவுத்துறை பெரும்பாலும் ஆயர்களையும் குருக்களையும் குறிவைத்ததால், வலைப்பின்னலை உண்மையில் தாங்கிய பெண்களைக் கோப்புகளில் ஓரிரு வரிகளில்தான் காண்கிறோம். நேர்காணல்களில் அவர்களே நிறைந்திருக்கிறார்கள். விடுதலைக்குப் பிந்தைய மகிழ்ச்சியில் சொல்லப்பட்ட நினைவுகள் என்பதால் அச்சமும் சமரசமும் அவற்றில் குறைவாக வரும் என்பதும் உண்மை.

2018-இல் லிவிவ் நகரில் தொண்ணூறு வயதைக் கடந்த ஓர் அருட்சகோதரியைச் சந்திக்கும் பேறு எனக்கு வாய்த்தது. அதற்கு முந்தைய வாரம், 1950-களின் இறுதியைச் சேர்ந்த ஒரு தகவலாளியின் அறிக்கையை ஒரு கோப்பில் பார்த்திருந்தேன். ‘மிக இரகசியம்’ என்ற தலைப்பு, தகவலாளியின் மாற்றுப்பெயர், அறிக்கையைப் பெற்ற அதிகாரியின் பெயர், கடைசியில் அடுத்த சந்திப்புக்கான பணி. தட்டச்சு செய்பவருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயர்கள் வரும் இடங்களை வெற்றாக விட்டு, பிறகு மையால் நிரப்பியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் ஒரு வீட்டில் நடந்த வழிபாடு பற்றிய அறிக்கை அது: 14 பெயர்கள், தையல் இயந்திரத்தின் மூடிமேல் வெள்ளைத் துணி, ஒரு மெழுகுவர்த்தி, தாழ்ந்த குரலில் இரண்டு பாடல்கள். அந்த வழிபாட்டைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருக்கும் ஒரே விவரணை, காட்டிக்கொடுத்தவர் எழுதியது. பெயர்களில் ஒன்று இந்தச் சகோதரியுடையது.

சொல்வதா வேண்டாமா என்று வெகுநேரம் தயங்கிவிட்டு, அவரிடம் சொன்னேன். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. பதிவுக் கருவியை அணைக்கச் சொன்னார்.

“நாங்கள் என்ன பாடினோம் என்று அதில் இருக்கிறதா, பிள்ளை?”

“இருக்கிறது அம்மா” என்று சொல்லி, இரண்டு பாடல்களின் பெயர்களையும் படித்தேன்.

அவர் தலையை அசைத்தார். “அது தப்பு. நாங்கள் பாடவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம் இருந்தது. உதட்டை மட்டும் அசைத்தோம். எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் ஒரே நேரத்தில் முடிந்தது.”

என் படியில் அந்த வரியின் ஓரத்தில் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். பிறகு பெயர்களைப் படிக்கச் சொன்னார்; மெதுவாக, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பெயருக்கும் மடியிலிருந்த கையில் ஒரு விரலை மடக்கினார். 14 முடிந்த பிறகும் மடக்குவதை அவர் நிறுத்தவில்லை. இன்னும் மூன்று விரல்கள்.

“பதினேழு பேர்” என்றார்.

அந்த மூவரை அறிக்கை எழுதியவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லையா, கண்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டாரா, மூவரில் ஒருவர் அவரேதானா என்ற கேள்விகள் அப்போதே என் மனத்தில் எழுந்தன. சகோதரி ஜன்னல் பக்கம் திரும்பி, உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன். பெயர்களை நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. பதிவுக் கருவி அணைந்தபடியே மேசையில் கிடந்தது.